வழுக்கும் தரை, வழுக்காத தரை

காரைக்குடியில் மீனலோசனி ஆச்சி வீட்டு ஹால் அறுபது அடி நீளம். நல்ல கால் உள்ளவர்களே துடைக்கும்போது பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். பாண்டீஸ்வரி உட்கார்ந்தபடியே, ஈரத்துணியும் கையுமாக வழுக்கி வழுக்கி, இருபது நிமிடத்தில் முடித்துவிடுவாள். இரண்டு வயதில் போலியோ வந்து கால்கள் சூம்பியவள். ஆச்சி குடும்பம் சென்னையில் இருக்க, பன்னிரண்டு வருடமாக வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஹாலில் உயரத்தில் ஒரு பெல்ஜியம் கண்ணாடி உண்டு. தரையில் இருப்பவளுக்கு அதில் விட்டம்தான் தெரியும், முகம் தெரியாது.

தேவகோட்டையில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த சாலா, உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு ஆள் தேடி அலைந்து இவளிடம் வந்தாள்.

"நிக்கவே வேணாம்க்கா. உக்காந்துதான் ஆடணும்."

"உக்காரத்தானே டீச்சர்? அதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்லை."

ஆச்சியிடம் போனில் கேட்டார்கள். "நல்லா ஆடுங்க. கண்ணாடியை மட்டும் கழட்டி உள்ள வச்சிரு பாண்டி" என்றார் ஆச்சி. தூணுக்குத் தூண் வலை கட்டியாயிற்று. ஊன்றுகோலிலும் மூன்று சக்கர வண்டியிலுமாக ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பந்து எங்கே இறங்கினாலும் பாண்டீஸ்வரி வழுக்கிக்கொண்டு அங்கே போய் நின்றாள், அதாவது உட்கார்ந்தாள். மாநில அணியில் தனக்கு இடம் உறுதி என்று பூக்காரி முதல் பால்காரர் வரை சொல்லியும் வைத்தாள். வாய் சும்மா இருந்தால்தானே.

மதுரையில் அணித் தேர்வு. அங்கே தரை ரப்பர். பாண்டீஸ்வரி வழுக்கிப் பார்த்தாள், பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. இரண்டு கை தூரத்தில் விழுந்த பந்து கூட எட்டவில்லை. ஆத்திரத்தில் கையை ஊன்றி எம்பி அடித்தாள். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக்கூடாது என்பது விதி. மூன்று தடவை விசில். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

திரும்பும் பேருந்தில் சாலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் தப்புக்கா. வழுவழுன்னு தரை கிடைச்சிருச்சேன்னு குதிச்சேன். போட்டி எந்தத் தரையிலன்னு யோசிக்கவே இல்ல."

திருப்பத்தூர் தாண்டியதும் பாண்டீஸ்வரி சொன்னாள்: "அழுகாதீக டீச்சர். நாளைக்கு வலையை மொட்டை மாடியில கட்டுவோம்."

சொரசொரப்பான சிமெண்டு மாடி. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பேண்ட் கிழியக் கிழிய ஒட்டுப் போட்டாள். உள்ளங்கை காய்த்தது. தரை உதவாது என்றானபின், அடிப்பவளின் தோளைப் பார்த்தே முன்கூட்டி நகரப் பழகினாள். பதினோரு மாதம். இந்த முறை பூக்காரியிடம் மூச்சு விடவில்லை.

மறுபடி மதுரை. அன்று சாயங்காலம் அங்கிருந்தே ஆச்சிக்குப் போன் செய்தாள்.

"ஆச்சி, அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிடவா?"

ஆச்சிக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஆட்டத்தையே விட்டுவிட்டாள் போலும். "போகுது விடு பாண்டி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"இல்ல ஆச்சி, என்னைய அணியில எடுத்துட்டாக. சட்டை குடுத்திருக்காக, முதுகுல ஒம்பதாம் நம்பர். போட்டுப் பாக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "நான் உக்காந்தா முகம் தெரியிற மாதிரி, தாழ மாட்டிக்கிறேன்."