பிரான்சின் இரண்டாம் பிரிவில் குருசுக்குப்பம்

எனக்கு எதையும் வாங்கியபடியே வைத்துக்கொள்ள வராது. தையல்காரர் கொடுத்த சுடிதாரின் கையை வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு அங்குலம் குறைப்பேன். ஓட்டலில் சட்னியைச் சாம்பாரில் கரைத்துப் பார்க்காமல் இட்லியைத் தொட மாட்டேன். "கை சும்மாவே இருக்காதா உனக்கு" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போய், கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும் பிரித்துப் போட்டு மாற்றலாம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

என்னைப் போலக் கை சும்மா இருக்காதவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கடையில் வாங்கிய விளையாட்டுக்குள் புது ஆட்டக்காரர்களையும் புது மைதானங்களையும் தாங்களே செய்து நுழைத்து, இணையத்தில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மோட் என்று பெயர். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் பையன்கள் எல்லாவற்றையும் 'பேட்ச்' என்றே சொன்னார்கள், நானும் அப்படியே சொன்னேன்.

என் கல்லூரித் தோழிக்கு இதெல்லாம் ஆகாது. கடற்கரையோர மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில் அவள் வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பகலில் வீட்டில் தங்க மாட்டார். ஒரே அண்ணன். அவரும் அதே ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் அங்கிருந்து அனுப்பிய கால்பந்து விளையாட்டின் ஒரிஜினல் சிடி, மாதா படத்துக்குக் கீழே பெட்டியோடு நிற்கும். கதிர்காமத்தில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, அப்பா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என் ஆராய்ச்சியெல்லாம் தோழி வீட்டு மெஷினில்தான்.

அந்த வருடம் விளையாட்டைச் செய்தவர்களே ஒரு கூடுதல் தொகுப்பு விட்டார்கள். சில அணிகளுக்குப் புதுச் சட்டை, ஒரு புது மைதானம், அவ்வளவுதான். காசு கட்டி இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் அதை வாங்கி, சிடியில் ஏற்றி அனுப்பினார். தோழி பயபக்தியோடு உள்ளே போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சட்டைக்குக் கலர் மாத்தறதுக்குத் தனியா காசு வாங்கறான். அதையும் குடுத்துட்டு சந்தோஷமா வேற இருக்கீங்களே."

"செஞ்சவன் குடுத்தாதான்டி ஒழுங்கா வேலை செய்யும். எவனோ செஞ்சதப் போட்டா நாளைக்கு மெஷினே எழுந்திருக்காது."

"எவனோ இல்ல, நம்மள மாதிரி விளையாடறவன். நம்மகிட்ட ஒண்ணுமே கேக்காம தர்றான்."

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

பிரவுசிங் சென்டரிலும் இதே பஞ்சாயத்துதான். சட்டைக்குக் காசு கேட்பது பகல் கொள்ளை என்றான் ஒருவன். பேட்ச் செய்கிறவன் காலில் விழ வேண்டும் என்றான் இன்னொருவன். எல்லாப் பேட்சிலும் வைரஸ் இருக்கிறது என்று நம்பிய மூன்றாமவன், பென் டிரைவைச் செருகும் முன் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொள்வான்.

தோழியின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளும் அண்ணனும் அந்த விளையாட்டில் சேர்ந்து ஓர் அணியை நடத்தி வந்தார்கள். பிரான்சின் இரண்டாம் பிரிவில் கடைசியில் கிடந்த ஏதோ ஓர் ஊரின் அணி. புதன்கிழமை இவள் ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை அங்கே அவர் ஒரு ஆட்டம். ஆடி முடித்ததும் ஆட்டத்தைச் சேமித்த கம்ப்யூட்டர் கோப்பை மெயிலில் அனுப்ப வேண்டும், மற்றவர் அதிலிருந்து தொடர்வார். மூன்று சீசன் இப்படி ஓடியிருந்தது. தோற்றால் தோற்றதுதான், திரும்ப ஆடக் கூடாது. அந்த ஆசையே வரக் கூடாது என்பதற்காக, கோப்பை அனுப்பிய கையோடு தன்னிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும், அனுப்பிய மெயிலையும் சேர்த்து. வாங்கிக்கொண்டவரும் மெயிலை வைத்திருக்கக் கூடாது. ஆக, மூன்று சீசனுக்கும் சேர்த்து உலகத்தில் எந்நேரமும் இருந்தது ஒரே ஒரு பிரதி. இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா என்று நான் கேட்டேன். "ராணுவக் குடும்பம்டி, அப்படித்தான்" என்றாள்.

கோப்போடு வரும் கடிதம்தான் விஷயமே. அண்ணன் போனில் பேசத் தெரியாத மனிதர். அம்மாவிடம் அவர் பேசுவது மூன்று வாக்கியம். "நல்லாருக்கேம்மா. சாப்ட்டேம்மா. வச்சுடட்டாம்மா." ஆனால் ஆட்டத்தைப் பற்றி என்றால் பக்கம் பக்கமாக எழுதுவார். இரண்டாவது பாதியில் மழை, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் நொண்டினான், காலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓடி எனக்கும் கால் வீங்கியிருந்ததால் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மாற்றிவிட்டேன். இப்படி. அவருக்குக் கால் வீங்கியது, புது அதிகாரியோடு ஆகாமல் போனது, பனி முதல் நாள் மட்டும்தான் அழகு என்று தெரிந்துகொண்டது, எல்லாம் தோழிக்கு ஆட்ட விவரத்தில்தான் தெரியவந்தது.

இந்த நேரத்தில் நான் ரகசியமாக ஒரு வேலையில் இறங்கியிருந்தேன். குருசுக்குப்பத்துக் கால்பந்து அணியையே விளையாட்டுக்குள் கொண்டுவருவது. கல்லூரிச் சீனியரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி, மாலையில் கடற்கரையில் ஆடுகிறவர்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து முகத்தைப் படம் பிடித்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வொருவருக்கும் வேகம், உதை, தலையால் முட்டுவது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும் என்பதையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அன்றோடு என் நிம்மதி போனது.

"இன்னாம்மா, தலைக்கு அறுவதுதானா? போன வருஷம் கோயில் டோர்னமென்ட்ல நீ பாக்கலியா?"

ஐஸ் பெட்டி தூக்குகிறவர் கோல்கீப்பர். அவர் தன் கையின் நீளத்தை என் முன்னால் நூலால் அளந்து காட்டினார். வலை தைக்கிற இன்னொருவர் வீட்டுக்கே வஞ்சிரம் கொடுத்தனுப்பினார். வறுத்துச் சாப்பிட்டுவிட்டு அவருக்கு வேகத்தில் ஐந்து கூட்டினேன். எனக்கு இதில் வெட்கமெல்லாம் கிடையாது, மீன் அவ்வளவு நன்றாக இருந்தது.

பேட்ச் தயாரான வாரம் தோழி ஒரு கல்யாணத்துக்குக் காரைக்கால் கிளம்பினாள். புதன்கிழமை ஆட்டத்தை அவசரமாக ஆடிவிட்டு, "ஃபைல பென் டிரைவ்ல சென்டருக்கு எடுத்துட்டுப் போய் அண்ணனுக்கு அனுப்பிடு, அப்புறம் அழிச்சுடு" என்று என்னிடம் சொல்லிப் போனாள். அவள் அம்மா காபி போட்டுக் கொடுத்தார். மெஷின் முன்னால் நான் மட்டும். கை சும்மா இருக்குமா?

அவள் திரும்பி வந்ததும் அசரட்டும் என்று பேட்சை உள்ளே போட்டேன். ஏதாவது ஓர் அணியின் இடத்தில்தான் என் அணியை உட்காரவைக்க முடியும். அதற்கென்று நான் இணையத்தில் பிடித்துவைத்திருந்த கருவி அணிகளை வெறும் எண்களாகக் காட்டியது. யாருக்கும் வேண்டாத ஓர் அணி பட்டியலில் எத்தனையாவது என்று எண்ணிப் பார்த்து அந்த எண்ணைக் கொடுத்தேன். நட்பு ஆட்டம் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்காரர் நிஜமாகவே பாய்ந்து பந்தைப் பிடித்தார். தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். எல்லாம் சரியா என்று கடைசியாக அவர்கள் சேமித்த கோப்பையும் ஒருமுறை திறந்து மூடினேன். மூடும்போது விளையாட்டு பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டது. அந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு 'உய்' என்று சொன்னால் வேலை நடந்துவிடும் என்பதுதான் நான் அறிந்த பிரெஞ்சு. உய் கொடுத்தேன். கோப்பைக் கொண்டுபோய் அனுப்பினேன். பிறகு விதிப்படி எல்லாவற்றையும் அழித்தேன். வாழ்க்கையில் நான் ஒரு விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்று ஒருநாள்தான்.

ஞாயிறு இரவு அண்ணனிடம் இருந்து ஒரே ஒரு வரி வந்தது. கோப்பு திறக்கவில்லை, விட்டுவிடு. அடுத்த ஞாயிறு அதுவும் வரவில்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. நான் ஒன்று தவறி எண்ணியிருக்கிறேன். யாருக்கும் வேண்டாத அணி என்று நான் துடைத்தது அவர்கள் இரண்டு பேரும் மூன்று சீசனாக வளர்த்த அணி. பழைய ஆட்டக்காரர்களை எடுத்துவிட்டுப் புதியவர்களோடு சேமிக்கவா என்று அது கேட்டிருக்கிறது, நான் உய் என்றிருக்கிறேன். பேட்ச் இல்லாத அண்ணனின் மெஷினுக்குக் குருசுக்குப்பத்து ஆட்களை அடையாளம் தெரியவில்லை.

தோழி கத்தியிருந்தால் தேவலாம். "நேத்து போன் பண்ணான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நல்லாருக்கேன், சாப்ட்டேன், வச்சுடட்டா. அம்மாகிட்டயும் அதான், என்கிட்டயும் அதான். எனக்கு இனிமே அவனப் பத்தி ஒண்ணும் தெரியாது. போதுமா?" அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அவர்களுக்குள் இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

பழைய அணியை மீட்க வழி இல்லை. கோப்பு திறக்க வேண்டுமென்றால் என் பேட்சும் பிரான்சுக்குப் போக வேண்டும், தங்கையைப் போலவே பேட்ச் என்ற சொல்லே பிடிக்காத மனிதரிடம். மெயிலில் போகாத அளவு பெரிது. ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அதைப் பதினொரு துண்டாக்கிப் பதினொரு மெயிலில் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். அண்ணா, தப்பு என்னுடையது, தங்கச்சி மேல் கோபப்படாதீர்கள், இதை ஒருமுறை மட்டும் போட்டுப் பாருங்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன், அப்போது எல்லோரும் அப்படித்தான்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரியில் தோழி தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிரிண்ட் எடுத்த மூன்று தாளை நீட்டினாள். அண்ணன் தமிழைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதுகிறவர், எனக்குப் பிடிபடாது. அவளே படித்தாள். பூஜ்யத்துக்கு நான்கு என்று தோற்றிருந்தார். சின்ன வயதில் தான் படகில் ஏறினால் காதைத் திருகி இறக்கிவிடும் ஐஸ் பெட்டிக்காரரை, அறுபதாவது நிமிடத்தில் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். "பொறந்ததுலேருந்து அவர் என்னை வெரட்டிக்கிட்டே இருந்தார், இன்னிக்கு நான் வெரட்டினேன்" என்று எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கு வலை தைக்கிறவரைக் காட்டி, இவன் என் தெரு என்று சொன்னாராம். நாங்கள் இரண்டு பேரும் வகுப்பில் சிரித்ததற்கு லெக்சரர் வெளியே நிற்கவைத்தார். வெளியே நின்று மிச்சத்தைப் படித்தோம். கடைசி வரியில் அவள் குரல் இறங்கியது.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் போட்டிருக்கியே, என்னை ஏன் போடல?"

அன்று மாலையே அவர் படத்தைத் தேடி எடுத்து அவரையும் உள்ளே சேர்த்தேன். வேகத்தில் எண்பத்தெட்டு. மீன் எதுவும் வாங்காமல், மனதார. புதன்கிழமை ஆட்டத்தன்று சத்தம் கேட்டு அவர்கள் அம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். அதுவரை அந்த மெஷின் பக்கம் திரும்பாதவர். திரையில் நீலச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தது தன் பிள்ளை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இப்படி இளைச்சுப் போயிட்டான்."

"அம்மா, இது பொம்மைம்மா" என்றாள் தோழி.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ தானே செஞ்சே? கொஞ்சம் சதை போட முடியுமா?"

முடியும். ஆட்டக்காரரின் எடைக்கு என்று ஓர் இடம் உண்டு, ஏற்றலாம் இறக்கலாம். அவர் சொல்லச் சொல்ல ஏற்றினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, பன்னிரண்டு கிலோ ஏறிய பிறகுதான் "ம், இப்பதான் என் புள்ள மாதிரி இருக்கான்" என்றார். அந்த விளையாட்டில் எடை ஏறினால் வேகம் தானாகக் குறைந்துவிடும். எண்பத்தெட்டு ஐம்பத்தொன்றாகிவிட்டது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுப் பேட்சும் கோப்பும் பிரான்சுக்குப் போயின.

ஞாயிறு ஆட்டம் முடிந்த கையோடு அண்ணனின் மெயில் வந்தது, கொதித்துப் போய். அதனால்தான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், செய்தவன் செய்தபடி இருப்பதைத் தொடவே கூடாது, எவன் என் எடையை ஏற்றியது, பந்து போய்ச் சேர்ந்த பிறகு நான் போய்ச் சேருகிறேன், உடனே பழையபடி இறக்கி அனுப்புங்கள். தோழி பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தில் இருந்தபடியே பதில் தட்டினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றச் சொன்னாங்க, நீ இளைச்சுட்டியாம்.

நாங்கள் எழுந்து கிளம்பும் முன் அவர் பதில் வந்துவிட்டது. தோழி அதை வாய்விட்டுப் படித்தாள்.

"அப்படியே இருக்கட்டும்."

அந்த சீசன் முழுக்க அவர் அந்த எடையோடுதான் ஓடினார்.