நிரம்பிய தட்டில் ஒன்றும் எழுத முடியாது

அணுக்களைத் தள்ளி எழுதுவதுதான் என் வேலை. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில், செப்புத் தகட்டின் மேல் படிந்த குளோரின் அணுக்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தித் தகவல் சேமிக்கிறோம். இதை அம்மாவுக்கு விளங்கவைக்க நான் படாத பாடில்லை. "என்ரை பிள்ளை கொம்பியூட்டர் திருத்துறவள்" என்றே எங்கள் ஊர் சண்டிலிப்பாய் முழுக்கச் சொல்லித் திரிவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன விடுமுறையில் எங்கள் தேவாலயத்து அறுவடைப் பண்டிகைக்கு நின்றேன். ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்குமுன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கும்படி போதகர் கேட்டார். விடுவேனா! அம்மா முன்வரிசையில் இருப்பார். இன்றைக்கு விளங்காவிட்டால் இனி எப்போது?

முதல்நாள் மாலையே ஒரு முட்டைத் தட்டை ஆயத்தப்படுத்தினேன். முட்டைதான் அணு. இரண்டு பள்ளத்துக்கு ஒரு முட்டை. அது இடப்பள்ளத்தில் இருந்தால் பூச்சியம், வலப்பள்ளத்தில் இருந்தால் ஒன்று. அப்படியே 'அ' என்ற எழுத்தைக் கணினி மொழியில் எழுதித் துணியால் மூடிவைத்தேன்.

சபை முன்னால் துணியை விலக்கினால், தட்டு நிறைய முட்டை! ஒரு பள்ளம்கூட மிச்சமில்லை.

"அம்மா!" கத்தியே விட்டேன்.

"பின்னை? ஆண்டவருக்குக் குறைத்தட்டே குடுக்கிறது? ஊர் சிரிக்காதே? முன்வீட்டிலை முட்டை வாங்கி நிரப்பினனான்."

"ஐயோ, எழுதினதை அழிச்சுப்போட்டியளே!"

"ஒண்டையும் நான் எடுக்கேல்லை. வைச்சனான்தானே!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ அழுகையும் ஆத்திரமும். "வாங்கோ, வந்து ஒரு முட்டையைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தள்ளுங்கோ பாப்பம்" என்றேன். வந்தார், விரலால் தள்ளிப் பார்த்தார்.

"எங்கை போறது? இடமில்லையே."

"அதுதானம்மா! இடமிருந்தால்தான் அணு நகரும். நகர்ந்தால்தான் எழுதலாம். இடப்பக்கம் இருந்தால் பூச்சியம், வலப்பக்கம் இருந்தால் ஒண்டு."

அம்மா ஒன்றுவிட்டு ஒன்றாக முட்டைகளை எடுத்துப் பக்கத்திலிருந்த, கத்தரிக்காய் நிறைந்த ஓலைக் கடகத்துக்குள் வைத்தார்.

"இப்ப இஞ்சாலை தள்ளினால் ஒண்டு, அங்காலை தள்ளினால் பூச்சியம். என்ன?"

"ஓமம்மா, ஓம்!" துள்ளிக் குதிக்காத குறை. நான் சொல்லச் சொல்ல அவரே தள்ளித் தள்ளி 'அ' எழுதினார்.

ஏலம் தொடங்கியது. ஏலம் கூறியவர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன குறையாக் கிடக்கு?" என்று கடகத்து முட்டைகளில் ஒன்றை எடுத்தார். அம்மா பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தார்.

"தொடாதையுங்கோ தம்பி! அதிலை எழுத்துக் கிடக்கு. நானெல்லோ எழுதினனான்!"