பல்பு வெளிச்சத்தில் பார்த்த சிவப்பு

போட்டோக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் ஏதோ ஒரு பழுப்பு. ரயில் ஓட்ட ஆசைப்பட்ட வயதில், கண் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி, "இதுல என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார்கள். அவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டார்கள். ரயில் போனது போனதுதான். கடைசியில் கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்து ஒண்டிக்கொண்டார். அங்கே அவரிடம் யாரும் நிறம் கேட்கவில்லை.

கல்யாணத்தின்போதும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஒரு காலில் சிவப்பு, மறு காலில் பச்சை என்று சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புவார். "உங்க ரசனையே தனி" என்று மனைவி சிரிப்பாள். இருவரும் சேர்ந்து திறந்த ஸ்டூடியோவில் அவர் படம் எடுப்பார், அவள் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவாள். முதல் பெரிய வேலை ரோஜா நர்சரிக்காரரிடமிருந்து வந்தது. அவர் அச்சடிக்கப்போகும் புத்தகத்துக்குச் செடிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வேண்டும். சரியாக வந்தால் மற்ற தோட்டக்காரர்களும் வருவார்கள். சொதப்பினால் பாஸ்போர்ட் படமே கதி.

சிவப்புப் பூவும் பச்சை இலையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். லென்சுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால் பூ வெளுக்கும், இலை கறுக்கும். பச்சையை வைத்தால் நேர்மாறு. ரோஜா பளிச்சென்று தெரியச் சிவப்புதான் வேண்டும். அவரிடம் இருந்தவையோ உறை கிழிந்து பெயர் போன கண்ணாடிச் சதுரங்கள். எது சிவப்பு என்று மனைவியைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஒளி அளக்கும் மீட்டருக்கு முன்னால் ஃபில்டரைப் பிடிப்பார். முள் அதிகம் இறங்கினால் சிவப்பு, குறைவாக இறங்கினால் பச்சை. அவ்வளவுதான் சாமர்த்தியம்.

படம் எடுக்கப் போவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாததால் மேசை விளக்கைப் போட்டு அளந்தார். அதிகம் இறங்கிய ஃபில்டரைத் தனியாக எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டத்தில் அந்த ஃபில்டர் வழியாகப் பார்த்தபோது, இலைகளைவிடப் பூக்கள் இருண்டு தெரிந்தன. கொஞ்சம் உறுத்தியது. இந்தக் கண்ணின் பேச்சைக் கேட்டு என்றைக்கு உருப்பட்டோம் என்று மடமடவென்று எடுத்து முடித்துத் திரும்பினார்.

மதியத்துக்குள் ஈரப் பிரிண்ட்டோடு மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, ரோஜாச் செடியில கரி பூத்திருக்கு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இவளும் புத்தகத்தை மூடிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"அப்போ அந்த சாக்ஸு?"

"அதுவும்தான்."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். "இத்தன நாளா எங்கிட்டயே நடிச்சிருக்கீங்களே!" உண்மையிலேயே வலித்திருந்தது அவளுக்கு. மீட்டரையும் ஃபில்டர்களையும் எடுத்து விளக்கடியில் அளந்தாள். பிறகு ஜன்னல் வெயிலில் அளந்தாள்.

"பல்பு வெளிச்சத்துலயே பாதி சிவப்பு இருக்குங்க. சிவப்பு ஃபில்டர் அதுல என்னத்தத் தடுக்கும்? முள்ளு கொஞ்சமாத்தான் இறங்குது. வெயில்ல பாருங்க, தொப்புன்னு விழுது. நீங்க பச்சைய எடுத்துட்டுப் போயிருக்கீங்க."

அவர் அந்த ஈரப் பிரிண்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"எடுக்கறப்போ உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"பூ இருட்டாத் தெரிஞ்சுது. எங்கண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "கண்ணு சரியாத்தாங்க சொல்லியிருக்கு."

இந்த வார்த்தையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"வெயில் இறங்கறதுக்குள்ள போயிடலாம், கிளம்புங்க. நானும் வரேன்."

தோட்டத்தில் இரண்டு ஃபில்டர்களையும் அவர் கையில் கொடுத்தாள். "எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அவர் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார். அதில் இலைகள் இருளில் அமுங்க, பூக்கள் மட்டும் பளிச்சென்று எழுந்து நின்றன. மீட்டர் பக்கம் கையே போகவில்லை.

"இதான்" என்றார்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. புது பிலிம் ரோலைப் பிரித்து அவரிடம் நீட்டினாள்.