கடைசிக் கூறு

நான் வேலை பார்த்த அம்பத்தூர்ப் பட்டறையை மூடிவிட்டார்கள். துணிப்பையோடு ஆவடி தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கே போவது என்று தெரியவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. சேக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பெண் தனியாகக் காய்க்கூடை தூக்கத் திணறினாள். கை கொடுத்தேன். சாயங்காலம்வரை கூடவே சுமந்தேன்.

அவள் பெயர் மல்லிகா. பக்கத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் விதைப்புக்கு முன்பே அவளிடம் பணம் போட்டுவிடுவார்கள். விளைந்ததை வாராவாரம் சமமாகக் கூறு போட்டுக் கொடுப்பாள். அன்று கூறு போடும் நாள். அந்த வாரம் கத்திரி பாதிக்குமேல் அழுகிவிட்டது. ஒவ்வொரு கூறும் ஒரு கைப்பிடிதான்.

"இன்னாக்கா, இது கூறா, கொசுறா?" என்றார் சைக்கிளில் வந்த ஒருவர்.

"மழைகிட்ட போய்க் கேளு நைனா," என்றாள் மல்லிகா.

அவர் சிரித்துக்கொண்டே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

எல்லோரும் போன பின் சாக்கின் மேல் இரண்டு கூறுகள் கிடந்தன. ஒன்று அவளுடையது.

"யாரோ வர்ல போலக்கா," என்றேன்.

"அது உன்து. கை வெச்சவனுக்கும் ஒரு கூறு உண்டு இங்க."

"எனக்கு ஊடே இல்லியே. இத வச்சுகினு இன்னா பண்றது?"

"அடுப்பு கீது. ஆக்கித் துன்னுட்டு மோட்டார் கொட்டாய்ல படு."

கூலி பல இடங்களில் வாங்கியிருக்கிறேன். தராமல் விரட்டியவர்களும் உண்டு. நஷ்டத்தைப் பங்கு போடும்போது என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்தது அங்கேதான். கத்திரிக்காய் கசந்தது. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மறுநாள் காலையில் அழுகிய செடிகளைப் பிடுங்கும் வேலையில் சேர்ந்தேன்.