சித்தப்பா பிடித்த மஞ்சள் முகம்

கண்டவர் கண்ணிலும் காணாதவர் நெஞ்சிலும் ஒருங்கே குடியேறும் செந்தாமரையாளின் திருவடிகளைத் தலைமேற்கொண்டு தொடங்குகிறேன். இன்று நிறைமதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வரலட்சுமி நோன்பு. காலையில் அன்னையை வீட்டுக்குள் அழைத்து அமர்த்திவிட்டு, ஓய்ந்த பிற்பகலில் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. பெற்றோர் உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே இருந்ததால், சிட்லபாக்கத்தில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். பெரியப்பாவின் தம்பியான சித்தப்பாவும் அவர் மனைவியும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். சித்தப்பா தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைபவர். வீட்டில் அழகைப் பற்றிய எந்த வழக்கும் அவர் முன்னிலையில்தான் தீரும். நாட்காட்டியில் அச்சான அம்பாளைப் பார்த்து, "மூக்கு பரவால்ல, கண்ணுலதான் தூக்கம்" என்பார். எதிர்வீட்டுச் சுவருக்குப் பூசிய பச்சையைக் காணச் சகியாமல் ஒரு வாரம் பின்வாசல் வழியாகவே அலுவலகம் போனார்.

இத்தகைய ரசிகருக்கு வாய்த்தவள் அழகில்லாதவள் என்பது உறவினர் வழங்கிய தீர்ப்பு. சாதகம் பொருந்தியதென்று, பெண்ணைப் பார்க்காமலே பெரியவர்கள் முடித்த திருமணம் அது. சித்தி கறுப்பு. நெற்றி அகலம். இடப்புருவம் மற்றதைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். மேலுதடு பல்லின்மேல் முழுதும் படியாததால், ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போலவே எப்போதும் தோன்றுவாள். மணப்பந்தலில் பெண்கள் சித்தப்பாவுக்காக இரங்கிப் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. பெரியம்மாவும் அந்தத் தீர்ப்பில் கையொப்பம் இட்டவள்தான்.

புகுந்த வீட்டில் மூத்த சுமங்கலி தன் கையால் புதுமருமகளுக்கு இந்த நோன்பை எடுத்துக்கொடுப்பது எங்கள் வழக்கம். தலைநோன்பு என்போம். அதன்பின்தான் அவள் அந்த வீட்டுக்கு முழு உரிமையுடையவள். சித்திக்கு முதலாண்டு தீட்டினால் தள்ளிப்போயிற்று. இரண்டாம் ஆண்டும் தவறக்கூடாதென்று அவள் ஆடி பிறந்தது முதல் நாளெண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு பார்த்து ஓர் இடையூறு வந்தது. பெரியம்மா ஆண்டுதோறும் புளியிட்டுத் தேய்த்த தேய்ப்பில், கலசத்தில் சாத்தும் வெள்ளி முகத்தின் மூக்கில் துளை விழுந்துவிட்டது. தாம்பரம் சந்தையிலிருந்த தட்டார் அடுத்த வாரம் வரச்சொன்னார். முகமில்லாமல் நோன்பேது? மஞ்சளும் அரிசிமாவும் பிசைந்து ஒரு முகம் பிடித்துத்தரும்படி சித்தப்பாவுக்கு உத்தரவாயிற்று.

"பாத்துப் பண்ணுப்பா. பிள்ளையார் பிடிக்கப் போய்க் கொரங்கு ஆயிடப் போகுது" என்றாள் பெரியம்மா.

வியாழன் மாலை சித்தப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மஞ்சளை அரைத்துக் கொடுத்தவள் சித்தி. அவர் பிடிப்பதை அவள் எட்டிப்பார்க்கவில்லை. முடிந்ததும் முகத்தைக் கலசத்துத் தேங்காயின்மேல் பொருத்தி, ஈரம் காயாதிருக்கப் பட்டுத்துணியால் மூடி, காலையில் வீட்டுக்குள் அழைத்துவர வாசலருகே வைத்தார்கள்.

வெள்ளி காலை, சித்தி அடுக்களையில் கொழுக்கட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா துணியை விலக்கினாள். அழைப்பின்பேரில் வந்திருந்த பெண்கள் நெருங்கிவந்து பார்த்தார்கள். முதலில் வாய்திறந்தவள் அந்தப் பச்சைச் சுவர் வீட்டுக்காரி. எங்கள் பகுதி வீட்டுமனைகளாவதற்கு முன்பே அங்கே நிலம் வைத்திருந்த குடும்பத்தவள்.

"இன்னா லட்சணம்க்கா! அப்டியே பேசிகினு கீற மாதிரி கீதே!"

"எங்க கொழுந்தன் கைவேலை" என்று பெரியம்மா பூரித்தாள்.

அகன்ற நெற்றி. ஏதோ கேட்பது போல் உயர்ந்த இடப்புருவம். சொல்லெடுக்கும் மேலுதடு. மஞ்சள் ஒரே நிறமாக நிறைந்துவிட்டதால், அதுவரை நிறத்தோடு நின்றுபோன கண்கள் அன்றுதான் வடிவம் வரை சென்றன என்று இன்று சொல்வேன். அன்று எனக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை.

"சித்தி!" என்றேன் உரக்க. "பெரியம்மா, இது நம்ம சித்தி!"

பெண்கள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள். பச்சைச் சுவர் வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அட, ஆமா கீது!" என்றாள்.

பெரியம்மாவின் பூரிப்பு வற்றியது. சித்தப்பாவை அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் பொரிந்தாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே? இவ மூஞ்சிய இவளே தூக்கிட்டு வந்து, இவளே விழுந்து கும்பிடணுமா? அபசாரம் இல்லையா? மாத்து. இல்லன்னா இந்த வருஷமும் நோன்பு வேணாம், வெள்ளி மூஞ்சி வந்தப்புறம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சித்தப்பா கலசத்தருகே குனிந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததென்பது அவர் நின்ற நிலையிலேயே விளங்கியது. காது நுனிவரை சிவந்துபோனார்.

"சத்தியமா தெரியாது அண்ணி. கை அதுபாட்டுக்குப் போச்சு."

"போன கையாலேயே அழி. எல்லார் வீட்லயும் இருக்கிற மாதிரி புருவத்தை நேராக்கு. உதட்டைச் சேர்த்து வை."

அவர் கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்தார். புருவத்தருகே கொண்டுபோனார். விரல் நின்றது. உதட்டருகே வந்தது, அங்கும் நின்றது. ஊரிலுள்ள அழகிலெல்லாம் திருத்தம் சொன்னவர், ஈரம் சொட்டும் விரலோடு நிமிர்ந்தார்.

"எதை மாத்தறதுன்னு தெரியல அண்ணி. எங்க தொட்டாலும் கெட்டுடும்."

அடியார்கள் தாமரை என்பர், திங்கள் என்பர், பின் அவையெல்லாம் போதாவென்று சொல்லிழந்து நிற்பர். வரைபடக்காரர் ஒருவர் அந்த இடத்தில் நின்றதை அன்று ஒருமுறை கண்டேன்.

அந்நேரம் சித்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். கலசத்தைக் கண்டதும் அவள் கைகள் தாமாகக் குவிந்தன. விழிகள் நிறைந்தன.

"அம்மாடி! எவ்ளோ அழகா இருக்கா!" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, யாரைப் பாத்துப் பண்ணீங்க?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை, மறைக்கவுமில்லை. மெய்யாகவே தெரியாமல் கேட்டாள். விடை தெரிந்தும் ஊமையாய் நிற்கும் இந்தப் பெரியவர்களுக்காக நான் வாயைத் திறந்தேன்.

மஞ்சள் மணக்கும் கையொன்று என் வாயைப் பொத்தியது. பெரியம்மாவின் கை. வழக்கமாக அந்தக் கை பொத்தினால் கன்னம் வலிக்கும். அன்று வலிக்கவில்லை.

"அம்பாள் முகம்டி அது" என்றாள் சித்தியிடம். "வா, வந்து அந்தப் பக்கம் புடி. நல்ல நேரம் போகுது."

இருவரும் கலசத்தை ஏந்தி உள்ளே வந்தார்கள். பூசை முடிந்ததும் பெரியம்மா நோன்புச் சரட்டை எடுத்துச் சித்தியின் வலக்கையில் கட்டினாள். சித்தி விழுந்து வணங்கினாள். எழ நெடுநேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற பச்சைச் சுவர் வீட்டுக்காரியும் விழுந்து வணங்கினாள்.

உண்மையைச் சொன்னதற்கு வாய் பொத்தப்பட்ட சினம் எனக்குக் கொழுக்கட்டை வரும்வரை இருந்தது. நான் அறிந்தவரை, சித்தியிடம் யாரும் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. தன்னிடம் அழகில்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகியவள், அழகைக் கண்டபோது அதில் தன்னைத் தேடவில்லை என்பது அந்த வயதில் எனக்கு எப்படி விளங்கும்? அத்தனை பேருக்குத் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லையே என்று யோசித்து, சித்திக்குப் பார்வை மங்கல் என்று முடிவுகட்டினேன். அன்று மாலையே பெரியப்பாவிடம் சென்று, அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கித்தரும்படி பரிந்துரையும் செய்தேன்.

இதைப் படிக்கும் அனைவர் இல்லத்திலும் அன்னை நிலைத்து அமர்க. உங்களைக் காணும் கண்கள் கனிக. அக்கண்களில் நீங்கள் உங்களையும் காண்பீர்களாக.