இருபத்து மூன்று வீடுகள்

புது மின்விசிறிப் பெட்டியைப் பிரித்தால் மற்றவர்கள் விசிறியை வெளியே எடுப்பார்கள். அவர் அடியில் கையை விட்டு, எட்டாக மடித்துக் கிடக்கும் விளக்கக் காகிதத்தை எடுப்பார். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசையப் படிப்பார். "எத்தனை ஃபேன் மாட்டியிருப்பீங்க, இதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டால், "அதெல்லாம் வேற ஃபேன். இதை இன்னைக்குத்தானே பாக்கறேன்" என்பார். படித்த காகிதத்தைத் திருப்பித் தரவும் மாட்டார். "நீங்க படிக்கவா போறீங்க?" என்று சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அப்படிச் சேர்ந்த காகிதங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மனைவியின் துணிமணிக்கு ஒரே ஒரு தட்டு.

வயது ஐம்பத்தெட்டு. எலக்ட்ரீஷியன். தெருவில் அவருக்குப் பெயர் 'ஏன் அண்ணன்'. எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அதான் ஏன்?" என்பார். மருந்துக் கடையில் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னால் ஏன் என்பார். தபால்காரர் இன்று தாமதம் என்றால் ஏன் என்பார். "ஏன் அண்ணனைக் கட்டிக்கிட்டு, 'ஏங்க'ன்னு கூப்பிட்டே என் காலம் போச்சு" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். பெரிய பெரிய இயந்திரங்களை மேய்ப்பவர். ஆகவே கணவருக்குப் பயப்படுவதில்லை.

ஐம்பது வயதில் அவர் தட்டச்சு கற்றார். ஐம்பத்து மூன்றில் கூரையில் சூரியத் தகடு பொருத்தக் கற்றார். போன வருடம் தொழிற்பள்ளியில் மாலை வகுப்பு ஒன்று தொடங்கியது: வீட்டு மின்சாரப் பாதுகாப்பு, வாரம் இரண்டு நாள், மூன்று மாதம். கட்டாயம் ஒன்றுமில்லை. முதல் நாளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அட்டை போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா. பாடம் நடத்தியவருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. அந்தப் பெண்ணை அவர் "மேடம்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். யார் யாருக்கு வாத்தியார் என்று பின் பெஞ்சுக்காரர்களுக்கு அடிக்கடி குழம்பும்.

நான்காவது வாரம் அவள் கரும்பலகையில் மூன்று துளை பிளக் பாயிண்ட் ஒன்றை வரைந்தாள். பழைய வீடுகளில் சுவருக்குள் இரண்டு வயர்தான் வரும்: கரண்டைக் கொண்டுவரும் லைன், அது திரும்பிப் போகும் நியூட்ரல். கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் வயர் இருக்காது. அங்கே சிலர் நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு வயரை இணைத்துவிடுவார்கள். அந்தத் துண்டைச் சிவப்பில் வரைந்துவிட்டுச் சொன்னாள்:

"இதைவிட எர்த்தே இல்லாம விட்டிருக்கலாம்."

"ஏன் மேடம்?"

"நியூட்ரல் நல்லா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது சார். எங்கேயாவது ஒரு ஜாயிண்ட் விட்டுப்போச்சுன்னா, திரும்பிப் போக வழியில்லாத கரண்டு இந்தத் துண்டு வழியா மிஷினோட உடம்புக்கு வந்துடும். மிஷின் ஓடாது. ஏன் ஓடலைன்னு போய்த் தொடுவாங்க பாருங்க, அவ்வளவுதான்."

அன்று அவர் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு வயர் அவருக்குத் தெரிந்த வயர். தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் மாதத்திலேயே காட்டிக்கொடுத்த வித்தை அது. சுவரை உடைக்க வேண்டாம், புது வயர் இழுக்க வேண்டாம், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஊரில் உள்ள எல்லாவற்றையும் ஏன் என்று கேட்ட மனிதர், இதை மட்டும் கேட்காமலே முப்பது வருடம் கையால் செய்துவந்திருக்கிறார்.

எல்லோரும் போன பிறகு மேசை அருகே போய் நின்றார்.

"மேடம், நான் செஞ்சிருக்கேன்."

அவள் கரும்பலகையை அழிப்பதை நிறுத்தினாள். "எத்தனை வீடு சார்?"

"நடந்து பாத்தாத்தான் தெரியும்."

அவள் தன் பையிலிருந்த, வோல்டேஜ் அளக்கும் மீட்டரை எடுத்து நீட்டினாள். "உங்க டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. இதை எடுத்துட்டுப் போங்க. எப்போ முடியுதோ அப்போ கொடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தார்.

"யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இதுவரைக்கும் இல்லை."

"அப்போ நாளைக்கு லீவு போடறேன். வீடு வீடா நீங்க போய் நின்னா பேயறைஞ்ச மாதிரி முழிப்பீங்க. பேச ஒரு ஆள் வேணும்."

மறுநாள் இருவரும் தெருத் தெருவாக நடந்தார்கள். அவருக்குக் கதவு எண் நினைவில் நிற்காது, சுவிட்ச் போர்டுதான் நிற்கும். "இந்த வீட்ல போர்டுக்கு மேல பல்லி மாதிரி ஒரு விரிசல்", "இங்கே ஒரு அம்மா போர்டைப் பச்சைப் பெயிண்ட்ல முக்கிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி நினைவைக் கிளறினார். மாலைக்குள் கணக்கு இருபத்து மூன்றில் வந்து நின்றது.

அதன் பிறகு ஐந்து வாரம், காலையில் பிழைப்புக்கான வேலை, பிற்பகலில் பழைய வீடுகள். கதவைத் திறந்ததும் ஒரே வாக்கியம்தான்: "நான் செஞ்ச வேலையில தப்பு இருக்கு, சரி பண்ண வந்திருக்கேன்." சிலர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒருவர், "பன்னெண்டு வருஷமா நல்லாத்தானே இருக்கு, நீங்களா வந்து ஏன் பயமுறுத்தறீங்க?" என்று எரிந்து விழுந்தார். இன்னொருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வீட்டின் மற்ற வேலைகளுக்கும் இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு, துண்டு வயரைக் கழற்றி, மெயின் போர்டிலிருந்து எர்த்துக்கென்று தனியாகப் பச்சை வயர் இழுத்து மாட்டிவிட்டுத்தான் வந்தார். சாமான் கடைக்காரர் அவரைத் தனியே இழுத்து, "உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்களே" என்றார். "பேரு என்னோடது. வயரு அவங்க வீட்லதானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு இன்னொரு சுருள் பச்சை வயர் கேட்டார்.

ஒரு வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் உள்ளேயே விடவில்லை. குடியிருப்பவர்களோ வாய் திறக்க அஞ்சினார்கள். ஏன் அண்ணன் மின்சார அலுவலகத்துக்குப் போய்ப் புகார்ப் படிவம் வாங்கி, நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார். எழுத்தர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"புகார் கொடுக்கறவர் பேரு நீங்க. சரி. யார் மேல புகார்ங்கற இடத்துலயும் உங்க பேரையே எழுதியிருக்கீங்களே?"

"ஆமா. வேலை செஞ்சது நான்தானே?"

"உங்க மேல நீங்களே புகாரா? இதை எந்தக் கோப்புல வைக்கறது?"

"எதுல வச்சா சீக்கிரம் ஆள் வருவாங்களோ அதுல வைங்க."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிகாரியிடம் எடுத்துப் போனார். மூன்றாம் நாள் ஆய்வாளர் நேரில் வந்தார், கதவு திறந்தது. அபராதம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார் ஏன் அண்ணன். ஆய்வாளர் அவர் இழுத்த புது வயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, "மிச்சம் எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

மிச்சம் ஒன்று. இரண்டாம் மாடியில் ஒரு வீடு. இளம் தம்பதி, தவழும் குழந்தை ஒன்று, ஊருக்குப் போயிருந்தார்கள். பூட்டில் ஒரு சீட்டுச் செருகி வைத்தார். தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை அந்த ஜன்னலை அண்ணாந்து பார்ப்பார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஜன்னலில் குழந்தைத் துணி தொங்கியது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். கதவு திறந்தே இருந்தது. குளியலறைப் பக்கம் இருந்து பேச்சுக் குரல் வந்தது.

"வந்ததுல இருந்து லைட்டு மினுக்கு மினுக்குங்குது. இப்போ இந்த மிஷினும் நின்னுபோச்சு" என்று அந்தப் பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே ஈரக் கையோடு சலவை இயந்திரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"தொடாதேம்மா!"

போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டது. பெண் போனை நழுவவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வாசல் போர்டுக்குத் தாவி மெயினை அணைத்தார். அந்த வீட்டு ஏணியில் ஏறி, குளியலறைச் சுவரில் உயரே இருந்த ஜாயிண்ட் பெட்டியைத் திறந்தபோது நியூட்ரல் ஜாயிண்ட் கருகி, ஒரே ஒரு இழையில் ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கியது.

ஏணியிலிருந்து இறங்கி, அதன் கடைசிப் படியிலேயே உட்கார்ந்தார். நடந்தது இன்னதென்று மறைக்காமல் சொன்னார். துண்டு வயர் எது, அதை வைத்தது யார், இன்னும் இரண்டடி அவள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாம். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"வாசல்ல சீட்டு வச்சது நீங்கதானா?" என்றாள். "பாத்தேன். துணியைப் போட்டுட்டுப் படிக்கலாம்னு ஃப்ரிட்ஜ் மேல வச்சேன்."

"பரவாயில்லைம்மா."

"நேரத்துக்கு வந்தீங்களே. போதும்."

இரண்டு மணி நேரம் வேலை. துண்டு வயரைக் கழற்றி எறிந்தார். ஜாயிண்டைப் புதிதாகப் போட்டார், பச்சை வயரை இழுத்து முடுக்கினார். மெயினைப் போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை அதன் உடம்பிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். பூஜ்யம். இடம் மாற்றி வைத்தார். பூஜ்யம். மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்துவிட்டு மீட்டரை அணைத்தார்.

"இனிமே தொடலாமா?" என்று கேட்டாள் அவள், வாசற்படியைத் தாண்டாமல்.

அவர் செருப்பை உதறிவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு இறங்கினார். சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் முழுசாக விரித்து வைத்து, துணி அலசி, பிழிந்து, அது தானாக நிற்கிறவரை எடுக்காமலே நின்றார்.