மூன்றாம் மூலையில் நிற்பவன்

கோட்டைச்சாமிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பட்டாளத்துக்குப் போகுமுன்பே அப்படித்தான். போய் வந்த பிறகு சொல்லவே வேண்டாம். திருச்சுழிக்கு வடக்கே, கண்மாய் இருந்தும் தண்ணீர் இல்லாத ஓர் ஊரில் அவனுக்கு ஒரு வீடு, கொஞ்சம் கரிசல் காடு, ஒரு ஜோடி மாடு. வலது கையும் காலும் விளங்காமல் கட்டிலில் கிடக்கும் அய்யா சங்கையா, தம்பி சோலை. அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. கோட்டைச்சாமி சோறு தின்னும்போதே பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான், ரோட்டைப் பார்ப்பான், திரும்பி வந்து மீதியைத் தின்பான். ரோட்டில் அப்படி என்ன இருக்கும்? புழுதி இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஆடு இருக்கும்.

சண்டைக் காலத்தில் அவன் அஸ்ஸாம் பக்கம் லாரி ஓட்டினான். மலை, மழை, சேறு. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கமும் பள்ளம். அங்கேதான், அவனுக்கே ஆச்சரியமாக, மனசு நிம்மதியாக இருந்தது. சண்டை முடிந்து நாற்பத்தாறில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் இரண்டு காக்கிச் சட்டையும், பக்கத்து முகாமில் இருந்த ஓர் அமெரிக்கக்காரன் ஊருக்குப் போகும்போது கொடுத்த ஓர் அட்டை விளையாட்டும்தான் மிச்சம்.

பேஸ்பால் என்று அதற்குப் பேர். நிஜத்தில் மைதானத்தில் ஆடுவது. ஒருத்தன் பந்து போட, ஒருத்தன் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதை மழைநாளில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆட ஏதுவாக யாரோ அட்டையில் இறக்கியிருந்தான். இரண்டு பகடை, நாலு மூலை வரைந்த ஓர் அட்டை, ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு சீட்டு. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மூலை ஓடலாம், இரண்டு மூலை ஓடலாம், அல்லது அவுட். மூன்று அவுட் ஆனால் எதிராளி முறை. சட்டமெல்லாம் அச்சடித்த ஒரு தாளும் கூட இருந்தது. அதைச் சங்கையா இடது கையாலேயே கிழித்துப் புகையிலை மடித்து, புகையிலை தீர்ந்ததும் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சட்டம் கோட்டைச்சாமியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அருப்புக்கோட்டையில் பருத்தி மண்டி வாசலில் வண்டி அவிழ்த்துப் போட்டால் எடை போட ஒரு பகல் ஆகும். அந்தப் பகலைக் கழிக்க முடியாமல்தான் முதலில் அட்டையை விரித்தான். வண்டிக்காரர்கள் கூடினார்கள். நூல் பங்கீட்டில் நூல் வராமல் தறியைக் கட்டிப் போட்டுவிட்டுச் சும்மா திரிந்த நெசவாளர்களும் கூடினார்கள். காய்க்குப் புளியமுத்து. ஒரு சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கு வந்த காய்க்குத் தாயத்தில் சொல்கிற மாதிரியே 'பழம்' என்று பேர் வைத்தார்கள். ஆட்டத்துக்கும் அமெரிக்காத் தாயம் என்று பேராகிவிட்டது.

ஆடுகிறவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து தாயம் ஆடியவர்கள். சந்தேகங்கள் அந்த வழியாகத்தான் வந்தன. ஆறு விழுந்தால் மறு உருட்டு உண்டா? ஒரே மூலையில் இரண்டு பேர் வந்தால் வெட்டு உண்டா? கேட்கிறவர்களில் தலைவர் நெசவாளர் ஜோதிலிங்கம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், இரண்டிலும் கேள்விதான். ஒரு கேள்வியாவது கேட்காமல் அந்த மனிதர் எந்த இடத்தை விட்டும் எழுந்ததில்லை.

"ஏம்ப்பா கோட்டைச்சாமி, பந்து நாலு தடவை தப்பா வந்தா, அடிக்காம நின்னவனுக்குச் சும்மா ஒரு மூலை குடுக்கணும்ங்கிறே. என்ன நியாயம்?"

"போட்டவன் தப்பாப் போட்டான்ல அண்ணாச்சி, அதுக்கு அபராதம்."

"அடுத்தவன் தப்புக்கு இவனுக்குக் கூலியா? நல்லா இருக்கே! எங்க தறியில அப்படி ஒரு சட்டம் இல்லையே."

கோட்டைச்சாமி பொறுமையாகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. உட்கார்ந்தபடியே முழங்காலை ஆட்டிக்கொண்டிருப்பான். பாதிக் கேள்வியிலேயே பதில் வந்துவிடும். ஆனாலும் கூட்டம் அவன் வாயைப் பார்த்தது அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரில் அவனுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

ஒருநாள் ஜோதிலிங்கம் கேட்டார்: "மூணு அவுட்டு ஆகிப்போச்சு. என் ஆளு மூணாம் மூலையில நிக்கிறான். அவன் கதி என்ன?"

அந்த நேரம் பார்த்துத் தூத்துக்குடி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. கியர் மாற்றுகிற சத்தம் சரியில்லை. கோட்டைச்சாமி கழுத்தை நீட்டி அதையே பார்த்தான். பார்த்துக்கொண்டே, "நிக்கட்டும் அண்ணாச்சி. அடுத்த முறை அங்கேயிருந்து ஓடுவான்" என்றான்.

சொன்ன மாத்திரத்திலேயே தப்பு என்று தெரியும். மூன்று அவுட் ஆனால் மூலையில் நிற்கிறவன் ஓடியதெல்லாம் வீண்; அட்டையைத் துடைத்துவிட வேண்டியதுதான். அஸ்ஸாமில் மைதானத்திலேயே பார்த்திருக்கிறான். மூன்றாம் மூலை வரை மூச்சிரைக்க ஓடி வந்தவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசாமல் நடந்து வெளியேறுவான். ஆனால் தாயத்தில் வைத்த காய் வைத்த இடத்தில்தானே இருக்கும்? கூட்டத்துக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. திருத்தலாம் என்று நினைத்தான், லாரி திரும்பி மறைந்தது, சோம்பல் வந்தது, விட்டுவிட்டான். அன்றிலிருந்து அருப்புக்கோட்டைச் சட்டம் அதுதான்.

மழை பொய்த்த அந்த வருஷம் பம்பாயிலிருந்து ஓர் ஆள் மூலம் சேதி வந்தது. கோட்டைச்சாமியின் பழைய அதிகாரி அங்கே லாரி வைத்துத் தொழில் செய்கிறார். ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. நீ வா, முடியாவிட்டால் உன் வீட்டில் நம்பிக்கையான ஆள் யாராவது வரட்டும், ஓட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று ராத்திரியே கோட்டைச்சாமி பெட்டியைத் துடைத்துவிட்டான். காலையில் சோலை அதைப் பார்த்தான்.

"அண்ணே, நான் போறேன்."

"நீயா? உனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும்னு தெரியுமாலே?"

"நீ நாலு வருசம் ஊரு சுத்திட்டு வந்துட்டே. நாலு வருசமும் அய்யாவைப் புரட்டிப் போட்டுத் துடைச்சு விட்டது யாரு? இந்தக் காட்டை உழுதது யாரு? இப்ப என் முறை."

நியாயம்தான். நியாயம் என்பதால்தான் கோட்டைச்சாமிக்கு அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு நாள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாராவது ஒருத்தர் இருந்தே ஆகவேண்டும். கட்டிலில் கிடக்கிறவரைப் பெட்டியில் வைத்தா எடுத்துப் போவது? கடைசியில் சோலையே சொன்னான்: "உன் ஆட்டத்துலயே பார்த்துக்குவோம். செயிச்சவன் போறான்."

கோட்டைச்சாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஆட்டத்தைக் கொண்டுவந்தவனே அவன்.

மண்டி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நடுவராக ஜோதிலிங்கம். சோலை பகடையைக் கைக்குள் வைத்துக் கண்ணை மூடி உருட்டினான். கோட்டைச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டத்தின் நடுவே இரண்டு தடவை எழுந்து மரத்தைச் சுற்றி வந்தான். கடைசி முறைக்கு வரும்போது அவன் ஒரு பழம் அதிகம். தம்பிக்கு மட்டும் ஒரு முறை பாக்கி. தம்பி அதில் ஒன்றும் எடுக்காவிட்டால் பம்பாய் அண்ணனுக்கு.

சோலை பகடையை எடுக்குமுன் இரண்டு புளியமுத்தை எடுத்து ஒன்றை இரண்டாம் மூலையிலும் ஒன்றை மூன்றாம் மூலையிலும் வைத்தான். போன முறை மூன்று அவுட் ஆனபோது அங்கே நின்ற காய்கள்.

"எடுலே அதை!" கோட்டைச்சாமியின் கை தானாக நீண்டுவிட்டது.

"ஏண்ணே?"

"அது... மூணு அவுட்டுக்கு அப்புறம்..."

ஜோதிலிங்கம் குறுக்கே வந்தார். "ஏம்ப்பா, நான் கேட்டதுக்கு நீதானே சொன்னே? நிக்கட்டும், அடுத்த முறை அங்கேயிருந்து ஓடுவான்னு. இத்தனை நாளும் அப்படித்தானே ஆடுறோம்? இன்னைக்கு மட்டும் என்ன?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தோற்கிற நேரத்தில் சட்டத்தை மாற்றுகிறான் என்பார்கள். தம்பி ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் தம்பியின் கண் சொல்லும். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"ஆடு" என்றான்.

முதல் உருட்டிலேயே இரண்டு மூலை. நின்றிருந்த இரண்டு காயும் பழமாகின. அதன் பிறகு வரிசையாக மூன்று அவுட். சரியான சட்டப்படி சோலைக்கு அந்த முறையில் ஒன்றுமே கிடையாது. ஒரு பழத்தில் அண்ணன் ஜெயித்திருக்க வேண்டும். தம்பி ஒரு பழத்தில் ஜெயித்தான்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு விருதுநகருக்குப் புறப்பட்டபோது சோலை ஜன்னல் வழியாக, "அய்யாவுக்குக் கஞ்சியில உப்பு கம்மியாப் போடு அண்ணே" என்று கத்தினான். அண்ணனின் பெட்டி அவன் மடியில் இருந்தது. கோட்டைச்சாமிக்கு வயிறு எரிந்தது, உள்ளபடியே எரிந்தது. பஸ் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றான்.

அதற்குப் பிறகு உழுதான், விதைத்தான், அய்யாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்தான். நடுவில் நடுவில் காரணமில்லாமல் பந்தல்குடி வரை நடந்துபோய், ரோட்டோரம் நின்று லாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பார்த்தவர்கள் ஏதோ வேலையாக வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் பருத்தி வெடித்து மண்டிக்கு வண்டி கட்டிப் போனபோது அட்டை விரிந்திருந்தது. நரிக்குடிப் பக்கத்து ஐயாத்துரை என்ற ஆள் அங்கே வந்து சேர்ந்தான். அவனும் அஸ்ஸாமில் இருந்தவனாம். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னப்பா கூத்து இது? மூணு அவுட்டு ஆன பெறகும் ஆளை நிக்க வச்சிருக்கீக! அவன் அம்புட்டுத்தான், போயிட்டான். அட்டையைத் துடைச்சுப் போட்டுட்டுல்ல அடுத்த முறை ஆடணும்?"

பகடையை உருட்டப்போன ஜோதிலிங்கத்தின் கை நின்றது. "அப்ப அன்னைக்குச் சோலை..." என்று ஆரம்பித்து, கோட்டைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். ஊரே பேசும்; பம்பாய்க்குப் போகிற எவனாவது சொல்வான். சோலை எப்படிப்பட்டவன்? சின்ன வயசில் அவர்கள் வீட்டு ஆடு அடுத்தவர் கம்மங்காட்டில் மேய்ந்துவிட்டது என்று, யாரும் கேட்காமலே போய் அந்தக் காட்டில் ஒருநாள் களை எடுத்துவிட்டு வந்தவன். தப்பான சட்டத்தில் ஜெயித்தேன் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிப் பெட்டியை டங்கென்று கீழே வைப்பான். 'நீ கெளம்பு அண்ணே' என்பான். கோட்டைச்சாமியின் உள்ளங்கையில் ஸ்டியரிங்கின் சூடு ஏறிவிட்டது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

அன்று காலையில் அய்யாவைப் புரட்டும்போது அவர் முதுகில் கண்ட புண் ஞாபகம் வந்தது. இவன் ஒரு வருஷம் பார்த்த முதுகில் புண் வந்துவிட்டது. தம்பி நாலு வருஷம் பார்த்திருக்கிறான். ஒரு புண் கிடையாது. அப்படிப் பார்த்தவனை மறுபடியும் அந்தக் கட்டிலுக்கே இழுத்துக் கட்டுவதா?

"நீ பார்த்தது வேற ஆட்டம்" என்றான் ஐயாத்துரையிடம். "இதுல நிப்பான்."

"ஏலே, அங்கே தினமும் பார்த்தவன் நான். எவன் சொன்னான் உனக்கு?"

"எனக்குச் சொல்லிக் குடுத்தவன் இப்படித்தான் சொன்னான்."

"அப்ப நீ ஆட்டத்தையே பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே நின்னு சத்தம் கேட்டிருப்பே!"

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன், "பட்டாளத்துல லாரியாவது ஓட்டுனியா, இல்லை அதுவும் இந்தக் கதைதானா?" என்று கேட்டான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கோட்டைச்சாமிக்குக் காது மடல் சுட்டது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் கண்ணில் வந்தது. கலைந்து கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான்.

சிரித்து முடித்து, ஐயாத்துரையைக் கூட்டிக்கொண்டு காப்பிக் கடைப் பக்கம் எல்லோரும் நகர்ந்தார்கள். இனிமேல் சந்தேகம் வந்தால் அவனிடம்தான் கேட்பார்கள். அட்டைக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஜோதிலிங்கம் மூன்றாம் மூலையில் கிடந்த புளியமுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு 'எடுலே'ன்னு கையை நீட்டுனியேப்பா" என்றார் தணிந்த குரலில்.

"ஈ உக்காந்திருந்துச்சு அண்ணாச்சி. ஓட்டுனேன்."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.  புளியமுத்தை அது நின்ற இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த மனிதர் எழுந்து போனது அன்றுதான்.